தாளின் பின்பக்கத்தில் நாலாம் குரல்

என் நாலாம் குரலே, அன்புச் சவரி,

இன்று பெரிய சனி. வியாழக்கிழமை வாயை மூடிய கோயில் மணி இன்னும் திறக்கவில்லை. காலையில் காபி குடித்துவிட்டு எழுத உட்கார்ந்தேன், இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. உனக்கு எழுதுவது என்றாலே பேனா ஓட மறுக்கிறது. காரணம் உனக்குத் தெரியும். தெரியுமா? அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

இதை உன்னிடம் மட்டும் சொல்லிவிட்டு உன் கல்லறையில் வைத்துவிட்டு வந்திருக்கலாம். அப்படிச் செய்யப் போவதில்லை. நம் கோயிலில் அச்சடிக்கும் அடுத்த மாதப் பங்கு மலரில் போடச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். செய்ததை நான் மறைத்தது ஊருக்கு நடுவில். சொல்வதும் ஊருக்கு நடுவில் இருக்கட்டும். அதனால் உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் உன்னை அறியாதவர்களுக்காகச் சில இடங்களில் திரும்பச் சொல்வேன். பொறுத்துக்கொள். பொறுமை உனக்கு எப்போதுமே என்னைவிட அதிகம்.

நீ போய் நாற்பது நாள் தாண்டிவிட்டது. உன் சத்தம் மட்டும் போகவில்லை. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் ஓட ஆரம்பித்தால் நீ பாட ஆரம்பிக்கிறாய். போன வாரம் தாங்காமல் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன், பால் திரிந்துபோய் வீட்டில் எனக்கு நல்ல பூசை. ஏம்பலம் பக்கம் வேலையாகப் போனபோது, மத்தியான வெயிலில் கரென்ட் வந்து வயல் மோட்டார் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. வரப்பிலேயே நின்றுவிட்டேன். நாலு திசையிலும் நீ. நாற்றுக்கட்டு சுமந்து வந்த அம்மா ஒருத்தி, "இன்னா சார், மயக்கமா?" என்று கேட்டாள். இல்லையம்மா, ஒருவர் பாடுகிறார் என்றா சொல்வது?

எல்லா மோட்டாரும் ஒரே சுருதி என்று நீதானே சொன்னாய். வில்லியனூரில் உன் மோட்டார் வைண்டிங் கடையில் செப்புக் கம்பி சுற்றிக்கொண்டே எனக்குப் பாடம் நடத்தினாய். "கரென்ட்டு ஒண்ணுதானே தாஸு, அப்ப இரைச்சலும் ஒண்ணுதான். டியூப் லைட்டு சோக்கைக் கேளு, அதே சுருதி. கோயில்ல ஆர்மோனியம் இல்லாட்டி இன்னா போச்சு?" நான் சிரித்தேன். அந்த வருஷப் பெரிய வெள்ளியில் நாம் நாலு பேரும் அந்த டியூப் லைட்டில்தான் சுருதி எடுத்தோம்.

பெரிய வியாழன் பூசையிலிருந்து சனி இரவு உயிர்ப்புத் திருவிழிப்பு வரை நம் கோயிலில் மணி கிடையாது, கீபோர்டு கிடையாது. மரப்பலகையைத் தட்டித்தான் ஆட்களைக் கூப்பிடுவார்கள். பெரிய வெள்ளி பின்னேரம், சனங்கள் வரிசையில் வந்து சிலுவையை முத்தமிட்டு முத்தி செய்யும்போது வெறும் தொண்டைதான் பாட வேண்டும். வருஷத்துக்கு அந்த ஒரு நாள்தான் நமக்கு. முதல் குரல் ஸ்டெல்லா டீச்சர், இரண்டாம் குரல் தையற்கடை ரீட்டா, மூன்றாம் குரல் நான், நாலாவது நீ. கொயர்காரர்கள் பேஸ் என்பார்கள். நீ பாடும்போது பெஞ்சில் கை வைத்திருப்பவர்களுக்கு மரம் அதிர்வது தெரியும்.

அந்தப் பாட்டு நமக்கு வந்த கதையை இப்போது நினைத்தாலும் ஆச்சரியம்தான். பீடத்துக்குப் பின்னால் உள்ள அறையில் பீரோவை ஒழித்தபோது கிடைத்த நாலு நோட்டு. பழைய பிரெஞ்சுச் சாமியார் காலத்தில் யாரோ ஒரு தமிழ் மனிதர் மெனக்கெட்டு எழுதியிருக்கிறார். லத்தீன் சொற்கள் தமிழ் எழுத்தில், மேலே சரிகம. ஒரு நோட்டில் ஒரு குரல் மட்டும். என் நோட்டைப் பார்த்தால் நீ பாடுவது என்னவென்று எனக்குத் தெரியாது, உன் நோட்டைப் பார்த்தால் என்னுடையது உனக்குத் தெரியாது. பாட்டுக்குத் தலைப்பு இல்லை. முதல் பக்கத்தில் பிரெஞ்சு எழுத்தில் ஒரு பெயர் மட்டும் இருந்தது. ஆளுக்கு ஒருவிதமாக அதை உச்சரித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டோம். நீதான் விடவில்லை.

அந்தப் பெயரைப் போனில் தேடி எடுத்துக்கொண்டு ஒரு நாள் ஆபீஸ் வாசலுக்கே வந்து நின்றாய். கை முழுக்க வார்னிஷ். "தாஸு, ஆளு கிடைச்சிட்டாரு. நானூறு வருஷத்துக்கும் முன்னாடி ஆளு. இந்தா பாரு படம்." கூரான தாடி, கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாகத் துணி, நல்ல தூக்கம் தூங்காத கண். அன்றிலிருந்து அவர் நமக்குத் தாடிக்காரர்.

அதற்கப்புறம் உன் கடைக்கு வந்தால் தாடிக்காரர் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. சின்ன வயதில் அவர் குரலுக்காகவே மூன்று தடவை ஆளைத் தூக்கிக்கொண்டு போனார்களாம். அது கதையாக இருக்கலாம் என்று நான் சொன்னால் உனக்குக் கோபம் வரும். ஜெர்மனியில் ஒரு பிரபுவின் அரண்மனையில் நாற்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பாட்டு எழுதினார். இளைய பிரபுவுக்குக் கடிதம் எழுதினால் லத்தீன், பிரெஞ்சு, இத்தாலி, ஜெர்மன் எல்லாம் ஒரே வரியில் கலந்து கோமாளித்தனம் செய்வார். "நம்ம பாண்டிக்காரன் மாதிரியே பேசியிருக்காருடா," என்று தொடையைத் தட்டிச் சிரித்தாய்.

எழுதியது எத்தனை? இரண்டாயிரத்துக்கும் மேல். பூசைப் பாட்டு, கல்யாணப் பாட்டு, குடிகாரன் பாட்டு, வேலைக்காரியைக் கூப்பிடும் பாட்டு, செத்தவருக்கான பாட்டு. "இந்த மனுஷன் தூங்கவே மாட்டாரா? எழுதிகினே இருந்துருக்காரு. நம்ம பாட்டு இதுக்குள்ள எங்கியோ இருக்கு தாஸு. நான் கண்டுபுடிக்காம வுட மாட்டேன்." கம்பி சுற்றுவாய், போனில் ஒன்று ஓடும், தலையை ஆட்டுவாய், இது இல்லை. அடுத்தது ஓடும், அதுவும் இல்லை. மூன்று வருஷம் கேட்டாய். மோட்டார் எடுக்க வந்தவர்கள் உன்னைப் பைத்தியம் என்றார்கள். கிடைக்கவே இல்லை. ஆனால் அந்த மனிதர் அழுத இடம் எது, விளையாடிய இடம் எது என்று உனக்கு அத்துப்படியாகிவிட்டது.

ஒரு மத்தியானம் நீ கம்பியை வைத்துவிட்டு சும்மா உட்கார்ந்திருந்தாய். "கடைசி காலத்துல அவுருக்கு மனசு சரியில்லாம போச்சாம்பா. ஒரு நாள் வூட்டுக்கு வந்தாரு, பொண்டாட்டியை யாருன்னே தெரியலையாம். அந்தம்மாதான் டாக்டரைக் கூப்பிட்டு, பிரபுகிட்ட கெஞ்சி, கூடவே இருந்து பாத்துகிச்சாம். அந்த நெலமையிலும் ஒண்ணு எழுதினாரு. ஆண்டவரை மூணு தரம் தெரியாதுன்னு சொல்லிட்டு, சேவல் கூவினதும் அழுத ராயப்பரைப் பத்தி. அதை முடிச்சாரு, செத்தாரு."

அப்புறம் நீ சொன்னதுதான் இன்று வரை என் நெஞ்சில் நிற்கிறது. "அவுரு செத்த அதே நாள்ல, செலவு கட்டுப்படியாவலைன்னு அவரை வேலையை வுட்டு நிறுத்த பிரபு முடிவு பண்ணாராம். அந்த லெட்டரை அவுரு பாக்கவே இல்லை. நல்ல சாவு தாஸு அது." இதை எனக்குச் சொன்னவன் நீ. கேட்டுத் தலையாட்டியவன் நான். அதை மறந்துவிட்டேன் என்று சொன்னால் ஆண்டவருக்கே அடுக்காது.

இரண்டு வருஷம் போனது. ஒரு நாள் மதியச் சாப்பாடு கொண்டுவந்த உன் வீட்டுக்காரி பிலோமினாவைப் பார்த்து, "யாரும்மா நீ, மோட்டார் எடுக்க வந்தியா?" என்று கேட்டாயாம். அவள் தூக்குப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஆமா, எம் மோட்டாரு ரெடியா?" என்று கேட்டாளாம். அப்புறம் நீயே சிரித்துவிட்டாய். அதை அவள் ரீட்டாவிடம் சொல்லி அழுதாள். டாக்டர் மாத்திரை கொடுத்தார். ஆட்களின் பெயர் போனது, வீட்டுக்கு வரும் வழி போனது. பாட்டு மட்டும் அப்படியே இருந்தது.

அப்படித்தான் நினைத்தோம், சென்ற வருஷப் பெரிய வெள்ளி வரை. பாட்டின் நடுவில் ஒரு வரி வரும், நீ மட்டும் கீழே இறங்கி இறங்கிப் போய் நிற்கும் இடம். அதை முடித்துவிட்டு நீ அடுத்த வரிக்குப் போகவில்லை. அதே வரியை மறுபடி ஆரம்பித்தாய். நாங்கள் மூன்று பேரும் முன்னால் போய்விட்டோம், நீ பின்னால் நின்றாய், எல்லாம் ஒன்றோடொன்று முட்டியது. சிலுவை முத்தி செய்ய வரிசையில் நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். நான் கையை உயர்த்திப் பாட்டை நிறுத்தினேன். நீ மட்டும் நிறுத்தவில்லை. அந்த வரியை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தாய், எல்லோரும் ஏன் சும்மா நிற்கிறார்கள் என்று.

அந்தச் சிரிப்பு என் காதை விட்டுப் போகவில்லை. உன்னை அவமானத்திலிருந்து காப்பாற்ற வேண்டும் என்று டீச்சரிடம் சொன்னேன், ரீட்டாவிடம் சொன்னேன், சாமியாரிடம் சொன்னேன். பொய். வெட்கப்பட்டவன் நான். கொயர் நடத்துகிறவன் என்று ஊரில் எனக்கு இருந்த சின்ன மரியாதை சரிந்தது, அதுதான் வலித்தது.

இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் வந்தது. சாம்பல் புதன் அன்று வழக்கம்போல் பீரோவிலிருந்து நோட்டுகளை எடுத்து அவரவரிடம் கொடுக்க வேண்டும். முந்தின நாள் ஆபீசில் உட்கார்ந்து உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். முப்பது வருஷமாகக் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் குப்பை கொட்டியவனுக்கு நண்பனுக்கு எழுதத் தெரியவில்லை. எழுதியதை இங்கே அப்படியே போடுகிறேன், ஊர் படிக்கட்டும்.

"பொருள்: பெரிய வெள்ளிப் பாடல் குழு, தங்களுக்கு ஓய்வு அளித்தல், தொடர்பாக. பார்வை: சென்ற ஆண்டு பெரிய வெள்ளி. மேற்படி பொருள் தொடர்பாக, தங்கள் உடல்நலன் கருதி, இவ்வாண்டு முதல் தாங்கள் பாடுவதற்குப் பதிலாக மக்களோடு அமர்ந்து கேட்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்."

கீழே கையெழுத்துகூடப் போடவில்லை, சவரி. நாலாக மடித்து உன் நோட்டுக்குள் வைத்தேன். காலையில் நெற்றியில் சாம்பலோடு உன் வீட்டுக்கு வந்தேன். நீ பின்பக்கம் குளித்துக்கொண்டிருந்தாய், தண்ணீர் ஊற்றுகிற சத்தத்தோடு அந்தக் கீழ்வரி கேட்டது. பிலோமினா, "இருங்கண்ணா, அவுரு வந்துடுவாரு, டீ போடறேன்," என்றாள். "ஆபீசுக்கு நேரமாச்சும்மா," என்று நோட்டை அவள் கையில் திணித்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன். ஆபீஸ் திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

அந்த வாரம் சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கடையிலேயே கண் அசந்தவன், நீ எழுந்திருக்கவில்லை.

உன்னைப் பெட்டியில் வைத்தபோது நான் தலைமாட்டில் நின்றேன். பிலோமினா அந்த நோட்டைக் கொண்டுவந்து உன் கைகளுக்கு அடியில் வைத்தாள். "இது அவுரு புஸ்தகம். அவுரோடவே போவட்டும்." கொயர் நோட்டு, ஒரே ஒரு பிரதி, என்று யாருக்கும் சொல்ல வாய் வரவில்லை. என் கண் வேறு இடத்தில் இருந்தது. நோட்டின் பக்கங்களுக்கு நடுவில் ஒரு வெள்ளைத் தாளின் முனை வெளியே தெரிந்தது.

ரீட்டாவும் அதைப் பார்த்துவிட்டாள். "அண்ணா, அதுல இன்னாவோ பேப்பர் இருக்குதே. உங்களுதா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"எனக்குத் தெரியாதும்மா," என்றேன்.

ராயப்பர் மூன்று தரம் சொன்னார். எனக்கு ஒன்றே போதுமாக இருந்தது. சேவல் கூவவில்லை, தெருமுனையில் டவுன் பஸ்தான் ஹாரன் அடித்தது. பெட்டியை மூடினார்கள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு. என் கடிதம் உன் நெஞ்சின்மேல் இருக்கிறது. மண்ணுக்குள் அதை வைத்துக்கொண்டு நீ படுத்திருக்கிறாய். படித்துவிட்டுப் படுத்திருக்கிறாயா, படிக்காமலா? படித்திருந்தால் அதனால்தான் போனாயா? முப்பதாம் நாள் பூசைக்கு உன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். பிலோமினா எனக்கு இரண்டாம் முறை சோறு போட்டாள். அவளிடம் கேட்டுவிடலாம் என்று பத்து தடவை வாயைத் திறந்திருப்பேன், ஒவ்வொரு தடவையும் தண்ணீர்தான் கேட்டேன்.

பெரிய வாரம் வந்தது. உன் குரல் இல்லை, உன் நோட்டும் இல்லை. இரண்டாயிரம் பாட்டில் நம்முடையது எது என்று தெரிந்தால்தானே போனில் தேடி உன் பகுதியை எடுக்க முடியும்? செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பங்கு மண்டபத்தில் நாங்கள் மூன்று பேரும் பாடிப் பார்த்தோம். தரை போடாத வீட்டுக்குள் நடப்பது மாதிரி இருந்தது. ஸ்டெல்லா டீச்சர் பாதியில் நிறுத்திவிட்டார். "வேணாம் தாஸ். இந்த வருஷம் ஜெபமாலை சொல்லிட்டு வுட்டுடலாம்."

அப்போதுதான் வாசலில் பிலோமினாவைப் பார்த்தோம். எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. நேராக என்னிடம் வந்தாள். கையில் நாலாக மடித்த தாள்.

பார்த்ததும் அடையாளம் தெரிந்தது, சவரி. மண்ணுக்குள் போன தாள் அவள் கையில் எப்படி வந்தது?

"கடையை ஒழிச்சேன் அண்ணா. மோட்டாருக்குள்ள சொருவுற அட்டைங்க நடுவுல இது இருந்துச்சு," என்றாள். "நான் படிச்சிட்டேன்."

"அப்ப, பெட்டியில... அந்த நோட்டுக்குள்ள..." என்று உளறினேன்.

"அது தாடிக்காரரு படம், பேப்பர்ல பிரிண்ட் எடுத்தது. நோட்டு கைக்கு வந்தா அவுரு எப்பவும் அதை அதுலதான் வெச்சிப்பாரு."

ரீட்டா என்னையே பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "என்னுதுதான் ரீட்டா. அன்னிக்கு நீ கேட்டப்ப தெரியாதுன்னேன். நான் எழுதினதுதான். சவரியைப் பாட வர வேணாம்னு எழுதினேன்." சொல்லி முடித்ததும் அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல், மூக்கு ஒழுக. யாரும் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. அதுதான் நியாயம்.

"அவரு இதைப் படிச்சாராம்மா?" என்று கேட்டேன்.

"அது எனக்குத் தெரியாதுண்ணா. உங்க மேல எனக்குக் கோவம்தான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். நேரா வந்து சொல்லியிருக்கலாம், நானே அவுருகிட்ட பக்குவமா சொல்லியிருப்பேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பின்னாடி திருப்பிப் பாருங்க."

திருப்பினேன். நீ கம்பிச் சுற்றுக் கணக்கு எழுதும் அந்தக் கட்டைப் பென்சில். தலைப்பில், எழுத்து கொஞ்சம் கோணிக்கொண்டு, "தாஸுக்கு." அதன் கீழே முதல் சுரத்திலிருந்து கடைசிச் சுரம் வரை நாலாம் குரல் முழுவதும். லத்தீன் சொற்கள் தமிழ் எழுத்தில், மேலே சரிகம. எங்கே மூச்சு விட வேண்டும் என்றுகூட ஒரு சின்னக் கோடு போட்டிருந்தாய்.

இப்போது நீதான் சொல்ல வேண்டும். முன்பக்கத்தைப் படித்துவிட்டுத் திருப்பினாயா? அல்லது ஏதோ ஒரு பக்கம் வெறுமையாக இருக்கிறதே என்று எழுதினாயா? பெற்ற பிள்ளையின் பெயரே நினைவில்லாதவன் என் பெயரை எப்படி எழுதினாய்? எனக்கு என்று ஏன் எழுத வேண்டும்? நோட்டுதான் உன் கையிலேயே இருந்ததே.

படித்திருக்கிறாய் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உன்னை உட்கார்ந்து கேள் என்று நான் எழுதினேன். சரி, நான் உட்காருகிறேன், நீ பாடு என்று பின்னால் எழுதிவிட்டாய். இப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருக்கிறது என்பதற்காகவே அதை முழுசாக நம்பவும் பயமாக இருக்கிறது.

"அவுரு எழுதிக் குடுத்துட்டாரு. பாடுங்க," என்றாள் பிலோமினா. என்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை, உத்தரவு போட்டாள்.

அங்கேயே பாடிப் பார்த்தோம். உன் பகுதியை நான் எடுத்துக்கொண்டேன். என் தொண்டை உன் ஆழத்துக்கு இறங்கவில்லை, அடியில் வெறும் காற்றுதான் வந்தது. இருந்தாலும் வீட்டுக்குத் தரை வந்தது. நடுவில் அந்த இடம் வந்தது. உன் தாளில் அந்தக் கீழ்வரி இரண்டு தடவை இருந்தது. சென்ற வருஷம் நீ திரும்பிப் போன அதே வரி. ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக, ஒரு எழுத்து மாறாமல். நான் ஒரு தடவை பாடிவிட்டு அடுத்ததுக்குப் போகப் பார்த்தேன்.

"இருங்க," என்றார் ஸ்டெல்லா டீச்சர். தாளச் சுத்தம் தவறினால் எரிந்து விழுகிற டீச்சர் என்று உனக்குத் தெரியும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவரு எழுதினபடியே பாடுங்க தாஸ், ரெண்டு தரம். நானும் ரீட்டாவும் எங்க சுரத்தைப் புடிச்சிகினு நிக்கிறோம். அவரு வந்து சேரட்டும்."

போன வருஷம் எங்களுக்கு இது தோன்றியிருந்தால் என்ன, சவரி? ஒரே ஒரு வரிக்கு நின்றிருந்தால் நீ வந்து சேர்ந்திருப்பாயே.

நேற்று பெரிய வெள்ளி. ஒரு செய்தி உனக்கு நினைவிருக்கும், பொங்கலுக்கு அப்புறம் கோயிலில் டியூப் லைட் எல்லாம் கழற்றி எல்இடி போட்டுவிட்டார்கள். அண்ணாந்து பார்த்து, "இனிமே சுருதியை எங்கருந்து எடுக்கறது?" என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டே இருந்தாய். மறதியில் பேசுகிறாய் என்று நாங்கள் விட்டுவிட்டோம். நேற்று பீடத்துக்கு முன்னால் நின்றபோதுதான் நீ கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்று புரிந்தது. கோயில் முழுக்க வெளிச்சம், ஒரு முணுமுணுப்பும் இல்லை. சிலுவையை எடுத்து வந்துவிட்டார்கள், சனங்கள் வரிசையில் நகர ஆரம்பித்துவிட்டார்கள், நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம்.

கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிலோமினா எழுந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பீடத்துக்குப் பின்னால் உள்ள அறைக்குப் போனாள். சுவிட்ச் போடுகிற சத்தம் கேட்டது. வெளியே, கோயில் போர் மோட்டார் கிளம்பியது. மூன்று வருஷத்துக்கு முன்னால் எரிந்துபோய் நீ வைண்டிங் செய்து கொடுத்த அதே மோட்டார். ஜன்னல் வழியாக அந்த இரைச்சல் உள்ளே வந்தது.

சுருதி கிடைத்தது. பாடினோம்.

மூன்று குரல்தான். மூன்றாம் குரல் நோட்டை மூடிப் பெஞ்சில் வைத்துவிட்டேன். நாலு பேரில் ஒருவருக்கு இடமில்லை என்று முடிவு செய்தவன் நான். அந்த ஒருவன் நானாகவே இருக்கட்டும். அந்த வரி வந்ததும் டீச்சரும் ரீட்டாவும் தங்கள் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், ரீட்டாவின் கழுத்து நரம்பு புடைத்தது. நான் உன் தாளைப் பார்த்து இரண்டாம் தரம் கீழே இறங்கினேன். என் தொண்டை விட்ட இடத்தை மோட்டார் இரைச்சல் தாங்கிப் பிடித்தது. நான் கை வைத்திருந்த பெஞ்ச் அதிர்ந்தது, சவரி. அது மோட்டாரா, நீயா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. சிலுவைக்கு முன்னால் மண்டியிட்டவர்கள் எழுந்து போக மறந்து அப்படியே இருந்தார்கள். பாட்டு முடிந்தும் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது, தொட்டி நிரம்பி வழிந்து சுவரோரம் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது பிலோமினா ஈரக் காலோடு நின்றாள். "இவ்ளோ தண்ணியை வீணாக்கினதுக்கு அவுரு இருந்திருந்தா திட்டியிருப்பாரு," என்றாள். கோபம் தீர்ந்துவிட்டதா என்று நான் கேட்கவில்லை. என்னோடு தெருமுனை வரை நடந்து வந்தாள், அது போதும்.

இனி உன்னிடம் என் வாக்கு. என் தொண்டையில் மூச்சு இருக்கும்வரை ஒவ்வொரு பெரிய வெள்ளியும் உன் குரலை நான் பாடுவேன், அந்த வரியை இரண்டு தரம் பாடுவேன். தாடிக்காரரின் பாட்டை விட்ட இடத்திலிருந்து கேட்க ஆரம்பித்துவிட்டேன், ஆபீசில் கேலி செய்கிறார்கள். என்றைக்காவது நம்முடையது கிடைத்தாலும் அதில் அந்த வரி ஒரு தரம்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், நாங்கள் உன் தாளைத்தான் பார்ப்போம். அந்தத் தாளைக் கண்ணாடி போட்டு மண்டபத்தில் மாட்டப் போகிறோம். உன் பக்கம் மட்டும் தெரிந்தால் போதும் என்றார் சாமியார். வேண்டாம் சாமி, இரண்டு பக்கமும் தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டேன். சென்ற முறை விட்டுப்போன கையெழுத்தை இன்று காலை அதில் போட்டேன், இதிலும் போடுகிறேன்.

இப்படிக்கு,
உன் இடத்தில் நிற்கும் தம்பி,
தாஸ்